அம்மா ஓட்டிய ஸ்கூட்டருக்குக் கார் டயர்

ஸ்கூட்டர் சக்கரத்தில் கார் டயரை மாட்ட முடியுமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிடும். ஏன் முடியாது? எங்கள் அப்பாவே மாட்டியிருக்கிறார். எங்கள் பிளாக்கே வந்து பார்த்துவிட்டு, பெண்டாட்டி மேல் என்ன அக்கறை என்று மெச்சிவிட்டுப் போனது. அந்த மெச்சலைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தொண்ணூறுகளின் கடைசி. நெய்வேலியில் அப்பா மைன்ஸ் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், பர்மனென்ட். ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். ஸ்கூட்டர் வாரத்தில் ஆறு நாள் குவார்ட்டர்ஸ் வாசலில் சும்மா நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சர்ச்சுக்கும் கறிக்கடைக்கும் போய்வரும். அம்மா பி.எட். முடித்தவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அந்தச் சர்ட்டிபிகேட் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

அந்த வருஷம் குறிஞ்சிப்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். மணி அடிப்பதற்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது அங்கே தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டரின் கண்டிப்பு. எங்கள் பிளாக்கிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் முதல் பீரியட் முடிந்திருக்கும். ஆக, ஸ்கூட்டர் ஓட்டினால் வேலை உண்டு, ஓட்டாவிட்டால் இல்லை.

அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா சண்டை போட்டிருப்பாள். சண்டையில் அவளை ஜெயிக்க எங்கள் வகையறாவில் ஆள் கிடையாது. "மொதல்ல ஓட்டக் கத்துக்கோ, அப்புறம் பாக்கலாம்" என்றார். அவளுக்கு எங்கே வரப்போகிறது என்ற தைரியம்.

வந்துவிட்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, கம்மாபுரத்திலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தார். பத்தே நாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிக்கரை உதைப்பாள், கிளட்சைப் பிடித்துக் கியரைத் திருகுவாள், மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டுவாள். "அக்காகிட்ட இனிமே நான் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு மாமா ஊருக்குப் போனார். அப்பா சிரித்த மாதிரி இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா இரண்டு கார் டயர்களோடு வந்தார். யாரோ ஓர் அதிகாரி வைத்திருந்த வெளிநாட்டுக் குட்டிக் காருடையவையாம். அந்தக் கார் ரிம்மும் ஸ்கூட்டர் ரிம்மும் ஒரே பத்து இஞ்ச்.

"ரோடெல்லாம் கரித்தூளு. மழ பேஞ்சா வழுக்கிக்கினு போவும். இது பாரு, எவ்ளோ அகலம்! புடிச்சித் தள்னாலும் சாயாது" என்றார்.

"எதுக்குங்க? இருக்கறதே நல்லாத்தான ஓடுது" என்றாள் அம்மா.

"ஒனக்காகத்தான் செய்யறன். வேணான்னா சொல்லு, தூக்கிப் போட்டுடறன்."

இப்படிக் கேட்டால் எவள் வேண்டாம் என்பாள்?

ஸ்கூட்டர் ரிம் நடுவில் இரண்டாகப் பிரியும். நட்டுகளைக் கழற்றிப் பழைய டயரை எடுத்துவிட்டு, புதியதை நடுவில் வைத்து மூட வேண்டியதுதான். ஆனால் பின்சக்கரம் உள்ளே உரசியது. அப்பா வாஷர் கொடுத்துப் பார்த்தார், தகரத்தை அரத்தால் ராவிப் பார்த்தார், இருட்டும்வரை உட்கார்ந்து உரசாமல் செய்துவிட்டார். சும்மா சொல்லக் கூடாது, வேலை என்றால் அப்படி ஒரு சுத்தம். பக்கத்து வீட்டு அத்தை வாசலிலேயே நின்று பார்த்தாள். "கொடுத்து வச்சவங்க நீங்க. எங்க வூட்லயும் ஒண்ணு இருக்குதே, சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட எழுந்துக்காது" என்று அம்மாவிடம் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் அப்பா ஷிப்டுக்குப் போனபின், டீச்சருக்கு ஏற்ற காட்டன் சேலை எடுக்க அம்மா மெயின் பஜாருக்குக் கிளம்பினாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் ரோடெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருக்கும். அந்த நேர் ரோட்டில் வண்டி அருமையாகப் போனது. அம்மா பாட்டுக்கூடப் பாடினாள்.

ரவுண்டானா வந்தது. அம்மா இடப்பக்கம் சாய்ந்து வளைத்தாள். வண்டி வளையவில்லை. கட்டை மாதிரி நிமிர்ந்தபடி நேராகவே போனது. அம்மா "ஐயோ, திரும்ப மாட்டேங்குதே!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நடுவிலிருந்த சிமெண்ட் கட்டையில் மோதி விழுந்தோம். எனக்கு முட்டி சிராய்ந்தது. அம்மாவின் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது, கிளட்ச் பிடிக்கிற கை.

சைக்கிளில் போனவர்கள் இறங்கிவந்து தூக்கிவிட்டார்கள். தூக்கிவிட்டுச் சும்மா போனார்களா? "லேடீசுக்கு எதுக்குங்க கியர் வண்டி?" என்றார் ஒருவர். "பின்னால கொழந்தய வேற வச்சிக்கினு" என்றார் இன்னொருவர். எனக்கு மானமே போய்விட்டது. அவர்களை ஒன்றும் சொல்லாமல் நான் அம்மாவைப் பார்த்து, "ஒனக்கு வரலம்மா, வுட்டுடேன்" என்றேன். நான்தான் சொன்னேன். அப்பா மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலும் வருவது அதனால்தான்.

அப்பா திட்டவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிவந்தார், அம்மாவுக்குத் தலை வாரிவிட்டார். அவரே டெலிபோன் பூத்துக்குப் போய், அம்மாவால் வேலைக்கு வர முடியாது என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டும் வந்தார். ஜூன் முதல் தேதி அந்த வகுப்புக்குள் வேறு யாரோ போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கையில் மாவுக்கட்டோடு அம்மா உள்ளே படுத்திருந்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்து கார் டயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா கழட்றீங்க?"

"ரெண்டு சக்கரம்னா வளைவுல சாஞ்சி குடுக்கணும் பாப்பா. இது பட்டையா இருக்குதுல்ல, சாயாது. மாட்டுன அன்னிக்கே நீங்கல்லாம் தூங்குனப்பறம் ஒரு ரவுண்டு போய்ப் பாத்தன். நானே வுழ இருந்தன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! எனக்கும் அது சாதாரணமாகத்தான் கேட்டது. டயரைப் பற்றி வகுப்பில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரிந்துவிட்ட குஷி. உள்ளே ஓடி அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"அன்னிக்கேவா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா, மாட்டுன அன்னிக்கே."

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கை வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, ஃபேனைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு நான் விளையாடப் போனேன்.