மூன்றாம் இயந்திரத்தில் விழுந்த பெயர்கள்

கம்ப்யூட்டர் அறைக்கு வருவதற்கு முன் கனகம் ஏழு ஆண்டுகள் ஸ்வெட்டர் கழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தார். பின்னிய உடற்பகுதியையும் கழுத்துப்பட்டியையும் கண்ணி கண்ணியாக ஊசிமுனைகளில் ஏற்றி இணைக்கும் வேலை அது. ஒரு கண்ணி தவறினால் அப்போது தெரியாது. பெட்டியில் ஏறி, கப்பலில் போய், வாங்கியவர் ஒருமுறை துவைத்த பிறகுதான் கழுத்து பிரியும். கனகம் கோத்தவற்றில் அப்படிப் பிரிந்தவை குறைவு. ஒன்றுகூட இல்லை என்று சொல்வதற்கில்லை.

மொரிஷியஸ் தீவில் ரிவியேர் தே ஸாங்கீ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்தார். பத்தொன்பது வயதில், 1976இல், பீனிக்ஸில் புதிதாகத் திறந்த பின்னலாடைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். கல்யாணம் ஆகி ரோஸ் ஹில்லுக்குப் போனபோது அவருடைய குடும்பப்பெயர் வீராபென் ஆனது. இந்தப் பெயர் மாற்றம் பின்னால் ஒரு காரியத்துக்கு முக்கியமாகும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

1983இல் எண்களைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்கிறார் என்பதற்காக அவரை மாடியிலிருந்த கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்தார்கள். 1988 வாக்கில் அங்கே நான்கு கம்ப்யூட்டர்கள் இருந்தன. தொழிற்சாலை ஐந்து கட்டடங்களாகப் பெருகி, ஆட்கள் ஏழாயிரத்து இருநூறு பேர் ஆகியிருந்தார்கள். ஒரே இயந்திரத்தில் அத்தனை பேருடைய பதிவுகளையும் வைக்க இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர் பதிவுகளைக் குடும்பப்பெயரின் முதலெழுத்துப்படி நான்காகப் பிரித்துவிட்டுப் போனார். ஆங்கில அகரவரிசையை ஏறக்குறைய சமமாக வெட்டினார். ஏ முதல் எஃப் வரை முதல் இயந்திரம், ஜி முதல் எம் வரை இரண்டாவது, என் முதல் எஸ் வரை மூன்றாவது, மீதி நான்காவது. ஒவ்வொன்றின் பிரதியும் அடுத்த இயந்திரத்தில் இருக்கும். ஒன்று நின்றுபோனால் அதன் பிரதி பதில் சொல்லும்.

எழுத்துகள் சமமாகத்தான் பிரிந்தன. பெயர்கள் பிரியவில்லை. மொரிஷியஸின் தொலைபேசிப் புத்தகத்தை ஒருமுறை புரட்டியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். நாராயணன், நல்லதம்பி, பெருமாள், பிள்ளை, பொன்னுசாமி, ராமசாமி, அங்கே எஸ் போட்டு எழுதும் சின்னசாமி, சுப்ரமணியன் என்று தமிழர்களில் பாதிப்பேர் அந்த ஆறு எழுத்துகளுக்குள். போஜ்புரிக் குடும்பங்களிலும் ராம் என்று தொடங்குபவர்களுக்குக் குறைவில்லை. மூவாயிரத்து முந்நூறு பேர் மூன்றாம் இயந்திரத்தில் விழுந்தார்கள்.

கனகத்தின் வேலை இவற்றைக் கண்காணிப்பது. தினமும் ஒரு தாளில் நான்கு கட்டங்கள். இயந்திரம் ஓடினால் 'ஓடுகிறது', நின்றால் 'நிற்கிறது'. கீழே அவருடைய கையெழுத்து, அதற்கும் கீழே அறைத் தலைவர் சாம்பசிவத்தின் கையெழுத்து. மாதக் கடைசியில் தாள்கள் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். ஏழு மாதங்களாக எல்லாக் கட்டங்களிலும் 'ஓடுகிறது' என்றே இருந்தது.

இதைத் தவிர அவரிடம் ஒரு பள்ளி நோட்டும் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஆட்கள் உள்ளே வரும் நேரமான காலை ஏழு ஐந்துக்கு, ஒவ்வொரு இயந்திரத்திடமும் ஒரு பெயரைக் கேட்டு, பதில் வர எத்தனை வினாடி ஆகிறது என்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பார். பக்கத்தில் வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றும் எழுதுவார். நான்காம் இயந்திரத்திடம் கேட்கும் பெயர் அவருடையதுதான், வீராபென். அது எப்போதும் ஒரு வினாடியில் வந்துவிடும். மூன்றாவதில் பதினொன்று, பதினைந்து, பதினெட்டு. சில நாள் வெறும் கோடு. கோடு என்றால் இருபது வினாடிக்குள் பதில் வரவில்லை.

டிசம்பரில் அவர் அதைச் சாம்பசிவத்திடம் சொன்னார். சாம்பசிவம் மெட்ராஸிலிருந்து இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர். கனகத்துக்குத் தமிழ் கோயிலிலும் சனிக்கிழமை வகுப்பிலும் கேட்டதுதான், வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல். சாம்பசிவத்தோடு பேசும்போது சொற்களைப் பொறுக்கி வைத்துப் பேசுவார்.

"சார், மூணாவது மெஷின் நல்லா இல்ல."

"ஓடுதில்ல?"

"ஓடுது. பதில் சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான்மா."

"இல்ல சார். வட்டு நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பங்கு ரொம்பிடுச்சு. நாலாவதுல பத்தொன்பதுதான்."

அவர் கால்குலேட்டரில் நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தார். "ஐம்பத்தி ரெண்டு. பாதி இடம் சும்மா கிடக்குது. உங்க ஊர்ல எல்லாத்துக்கும் புயல் எச்சரிக்கைதான்."

சராசரி என்பது யாரும் வசிக்காத ஓர் இடம். ஆனாலும் மனிதர்கள் அங்கே நின்றுகொண்டுதான் முடிவு எடுக்கிறார்கள். கனகம் அன்றும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய் மாலை, பீனிக்ஸ் பேருந்து நிறுத்தத்தில் பாக்கியம் அவரைப் பிடித்துக்கொண்டார். பாக்கியம் ராமசாமி, கழுத்து கோக்கும் பிரிவில் கனகத்துக்கு மூத்தவர், அவருக்கு வேலை பழக்கியவர்களில் ஒருவர். கன்னத்தில் காவடிக்கு வேல் குத்திய இடம் இன்னும் சிறு புள்ளியாகத் தெரிந்தது.

"தங்கச்சி, உன் மெஷின் என்னைக் கொன்னுடுச்சு."

"என்னக்கா?"

"இந்தா, படி. நான் படிச்சா ஒரு மாதிரி இருக்கு. நீ படிச்சா வேற மாதிரி வருதான்னு பாரு."

கடிதத்தில் இருந்தது ஒன்றுதான். சொல்லாமல் மூன்று நாள் வரவில்லை. விதிப்படி வெள்ளிக்கிழமை மாலையோடு வேலை முடிகிறது.

"மூணு நாளும் வந்தியாக்கா?"

"வந்தேனாவா? ஒருநாள் பச்சைக் கழுத்து, ஒருநாள் பட்டன், ஒருநாள் நீலம். என் விரலைக் கேளு, அது சொல்லும். ஆள் குறையிற லைனுக்கெல்லாம் என்னைத் தள்ளிவிட்டாங்க. இந்த லைன்காரி நான் அங்கேன்னு நெனச்சா, அங்கே இருக்கிறவ நான் இங்கேன்னு நெனச்சா."

"கேன்டீன் சீட்டு? அதுல தேதி இருக்குமே."

"அயோ, விரதத்துல கேன்டீன்ல யாராச்சும் சாப்பிடுவாங்களா? வீட்லேர்ந்து கொண்டுபோய் மரத்தடியில சாப்பிட்டேன்."

பக்கத்தில் நின்ற மிரெய், வாசலில் அட்டை எண்களைத் தட்டுபவள், சிரித்துவிட்டாள். "நான் ஞாயித்துக்கிழமை மாதாகோயில் பக்கமே போறதில்ல. மாசம் பூரா ஆஜர். பாக்கியம் பத்து நாள் சாமி கும்பிட்டா, ஆளே இல்ல!"

"சிரிடி, சிரி," என்றார் பாக்கியம். "உன் கை தட்டின நம்பர்தானே?"

"நான் தட்டினேன். அது 'பொறு'ன்னு சொல்லுச்சு. பின்னாடி நூறு பேர் நிக்கிறாங்க. உள்ளே போன்னேன். அப்புறம் அது என்ன பண்ணுச்சோ, பா கோனே, எனக்கென்ன தெரியும்."

கனகத்துக்குத் தெரிந்திருந்தது. பதில் வராத பெயர்கள் ஒரு காத்திருப்புப் பட்டியலில் சேரும். எட்டு மணிக்கு இயந்திரம் அவற்றை எழுத முயலும். வட்டில் இடம் இல்லையென்றால் பட்டியல் அப்படியே போய்விடும், பெயருக்கு நேரே 'வரவில்லை' விழும். மற்றவர்களை லைன் தலைவிகள் தினமும் எழுதித் தரும் வருகைச் சீட்டுகள் காப்பாற்றின. லைன் இல்லாதவருக்குச் சீட்டு இல்லை. பிரதியும் உதவவில்லை. இயந்திரம் செத்தால்தான் அதன் பிரதி பேசும், திணறினால் பேசாது.

ரோஸ் ஹில் வீட்டில் நோட்டைத் திறந்து பார்த்தார். கடிதத்தில் இருந்த மூன்று தேதிகளிலும் மூன்றாம் பத்தியில் கோடு. அதே தேதிகளில் அவர் கையெழுத்திட்ட தாள்களில் 'ஓடுகிறது'. நோட்டைக் காட்டினால் தாள் பொய்யாகும். தாள் பொய்யென்றால் ஏழு மாதமும் பொய். மாடியில் அவருக்குக் கிடைத்த நாற்காலியை அந்த ஒரு நோட்டு பறித்துவிடக்கூடும். காட்டாவிட்டால் பாக்கியத்துக்கு வெள்ளிக்கிழமையோடு சரி. நாற்பத்தெட்டு வயதில் கழுத்து கோப்பவரை வேறு எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது.

புதன்கிழமை காலையில் அவர் நோட்டைச் சாம்பசிவத்தின் மேசையில் வைத்தார். உடனே வைக்கவில்லை. பதினொரு மணி வரை பையில்தான் இருந்தது.

சாம்பசிவம் பக்கங்களைப் புரட்டினார். "கடிகாரத்தைப் பார்த்து எழுதினதா? இதை எப்படிம்மா நம்புறது? இது மேலிடத்துக்குப் போச்சுன்னா என் ஒப்பந்தமும் போச்சு, தெரியுமா?"

"நம்ப வேணாம் சார். உங்க பேர் எஸ்."

"அதுக்கென்ன?"

"உங்களுக்கும் கார்டு இருக்கு. ஏழு மணிக்கு வாங்க. வரிசையில நில்லுங்க."

அவருக்குக் கோபம் வந்தது. அதிகாரிகள் பக்கவாசல் வழியாக ஒன்பது மணிக்கு வருபவர்கள். ஆனால் மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. வியாழக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு, சாப்பாட்டுத் தூக்கு வைத்திருந்த இரண்டு பெண்களுக்கு நடுவே நின்றார். மிரெய் அட்டை எண்ணைத் தட்டினாள். பதினான்கு வினாடியில் பெயர் வந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் சாம்பசிவம், மாடியில். குரலில் நிம்மதி.

"இன்னைக்கு வந்துடுச்சு," என்றார் கனகம். "நாளைக்கும் நில்லுங்க சார்."

"எத்தனை நாள் நிக்கிறது?"

"பாக்கியம் அக்கா பன்னெண்டு வருஷமா நிக்கிறாங்க."

வெள்ளிக்கிழமையும் வந்தார். கனகத்துக்காக வந்தாரா, முந்தைய நாள் பதினான்கு வினாடி நின்றது உறுத்தியதாலா என்று சொல்ல முடியாது. மிரெய் தட்டினாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "மிஸ்யே, நகருங்க, எங்களுக்கு வேலை இருக்கு," என்றார்கள். இருபது வினாடி கழிந்தது. "உள்ளே போங்க," என்றாள் மிரெய், எல்லோரிடமும் சொல்லும் அதே தொனியில்.

எட்டரை மணிக்கு வராதவர் பட்டியல் அச்சாகி வந்தது. நாற்பத்து மூன்று பெயர். சாம்பசிவம் தம் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "நான் வரலையாம்," என்றார்.

பத்து மணிக்கு இருவரும் ஆள்பிரிவுத் தலைவர் பியேரின் அறைக்குப் போனார்கள். பியேர் பாக்கியத்தின் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து பேசினார்.

"மெஷின் வரலைங்குது. கேன்டீனும் வரலைங்குது. ரெண்டு சாட்சி. காவடி மாசத்துல உங்க ஆளுங்க எல்லாரும் இருந்தேன்னுதான் சொல்றாங்க."

"விரதம் இருந்தா கேன்டீனுக்குப் போகமாட்டாங்க," என்றார் கனகம். "காவடி எடுக்கிற யாரையும் கேளுங்க. அந்தப் பத்து நாள் ஒருத்தர் சீட்டும் இருக்காது. வேலைக்கு வந்தவங்க சீட்டும் இருக்காது."

நோட்டை வைத்தார். சாம்பசிவம் காலைப் பட்டியலை அதன்மேல் வைத்தார். பியேர் மூன்று தேதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, கனகம் எதிர்பார்த்தபடியே, அலமாரியிலிருந்து தினத்தாள்களின் நகல்களை எடுத்தார்.

"இங்கே ஓடுகிறதுன்னு இருக்கே. யார் கையெழுத்து?"

"என்னுது."

"ஏழு மாசமும்?"

"ஏழு மாசமும். தாள்ல இடம் இருந்தது ரெண்டு வார்த்தைக்குத்தான். நான் மூணாவது வார்த்தையை வேற நோட்டுல எழுதினேன்."

"அதை ஏன் அப்பவே கொண்டு வரல?"

 கனகம் சாம்பசிவத்தின் பக்கம் திரும்பவில்லை. சாம்பசிவமே, "எங்கிட்ட கொண்டு வந்தாங்க," என்றார்.

மதியத்துக்குள் பாக்கியத்தின் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. கனகத்துக்கும் சாம்பசிவத்துக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாற்காலி போகவில்லை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவுகளை மறுபடி பிரித்தார்கள், இம்முறை பெயரை விட்டு அட்டை எண்ணின் கடைசி இலக்கப்படி. அந்த யோசனை கனகத்துடையது. கீழே நூல் கண்டுகளைப் பங்கிடும்போது யார் என்று பார்ப்பதில்லை, வரிசைப்படி ஆளுக்கொன்று வைத்துப் போவார்கள் என்றார் அவ்வளவுதான். பத்து இலக்கங்கள் நான்கு இயந்திரத்தில் சரிசமமாக விழாது. இரண்டு இயந்திரங்களில் மும்மூன்று, மற்ற இரண்டில் இரண்டிரண்டு. இரண்டு விழுந்த இடங்களில் துணிக்கிடங்குப் பதிவுகளையும் சேர்த்தார்கள். மார்ச்சில் நான்கு வட்டுகளும் ஐம்பதை ஒட்டி இருந்தன. தினத்தாளில், பதில் வர ஆகும் வினாடியை எழுத ஒரு கட்டம் சேர்ந்தது. சாம்பசிவத்தின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. புறப்படும் வாரம் வரை அவர் ஏழு மணிக்கு வாசல் வழியாகத்தான் வந்தார் என்று மிரெய் சொல்கிறாள்.

கனகம் அதன்பிறகு சோதனைக்குத் தம் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டார். எப்போதும் உடனே பதில் கிடைத்த ஒருத்தியின் பெயரை வைத்துப் பார்த்தது தவறு என்று அவருக்குப் பட்டது. வாசல் வரிசையில் கடைசியாக வந்தவர் யார் என்று மிரெயிடம் கேட்டு, அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பார். 1996இல் அறையை விட்டுப் போகும்வரை இது நடந்தது. இதைத் துணிச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரிலேயே கையெழுத்தை மறுத்திருந்தால் அப்படிச் சொல்லலாம்.

பாக்கியம் மட்டும் எதையும் நம்பவில்லை. மறு ஆண்டு காவடி விரதத்தில் பத்து நாளும் கேன்டீன் வரிசையில் நின்று, சீட்டைக் கிழித்துத் தேதி போட்டு வாங்கி, சாப்பாட்டுத் தட்டை மிரெயின் கையில் கொடுத்தார். மிரெய் தினமும் இரண்டு தட்டு மீன்குழம்பு சாப்பிட்டாள்.

"இனிமே அது வேணாம்க்கா," என்று சொல்லத்தான் கனகம் கீழே இறங்கினார். பாக்கியம் மரத்தடியில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். கிழித்த சீட்டுகளின் மறுபாதிகள் ரவிக்கை ஊக்கில் வரிசையாகக் குத்தியிருந்தன. கனகம் அவற்றை எண்ணிப் பார்த்தார், எட்டு இருந்தது, அன்று விரதத்தின் எட்டாவது நாள். பக்கத்தில் உட்கார்ந்தார்.