திருப்பி வைத்த சேணம்

அக்தாவ் நகரில், காஸ்பியன் கடலைப் பார்த்த பழைய மீன் கிடங்கில் ராய்குல் நவீன ஓவியக் கூடம் திறந்தாள். விருந்தினருக்குப் பலகாரம் சுடத் தன் சித்தி குன்சுலுவை அழைத்திருந்தாள். சித்தியின் கணவர் ஓரின்பெக் மீன் பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால், "வந்துடுவாரு" என்றே சித்தி காலம் தள்ளினாள். ஒரு நாளும் அழுததில்லை.

கூடத்தின் நடுவில் ஒரு குதிரைச் சேணத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்து, மேலே ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். எங்கள் பக்கம் இழவு வீட்டில்தான் அப்படி வைப்பார்கள். பெருநகரமான அல்மாத்தியிலிருந்து வந்து அதை அமைத்த கலைஞனுக்கு அது வெறும் அலங்காரம்.

தட்டோடு உள்ளே வந்த சித்தி அப்படியே நின்றுவிட்டாள். "யாருடி செத்தது?"

"யாரும் இல்ல சித்தி. இது கலை. பலகாரத்தை அங்க வைங்க."

சித்தி தட்டைத் தரையில் வைத்தாள். சேணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் இழவு வழக்கப்படி இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி ஒப்பாரி வைத்தாள். "ஓரின்பெக், என் ராசா, கடலு உன்னைத் தின்னுடுச்சே!"

வந்திருந்த பெரிய மனிதர்கள் செல்போனை உயர்த்திப் படமெடுத்தார்கள். அவள் ஓய்ந்ததும் கைதட்டினார்கள், பாவிகள்.

ராய்குல் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து, சித்தியின் காதில் சொன்னாள்: "நாளைக்கும் ஆறு மணிக்கு வந்துடுங்க சித்தி. இதே மாதிரி."