கொட்டில் சுவரில் கொசுத்தேன்

என் வீட்டுக்காரரின் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதனால் என்ன?

உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய கோடை அது. கல்யாணமாகி ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் அந்தக் குடும்பத்துக்கு நான் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு வெளியே கிணற்றடித் தோட்டத்தில் பூசணி போட்டிருந்தோம். கிணற்று மேட்டு இலவமரத்தில் மலைத்தேனீ கூடு கட்டியிருந்தது. அண்ணன் அதன் அடியிலேயே செத்தையைக் கொளுத்தினார். புகை மேலே போனால் அவை சும்மா இருக்குமா? தண்ணீர் இறைக்கக் கமலையில் பூட்டியிருந்த மாட்டைக் கொட்டிவிட்டன. புத்தி கெட்ட வேலை செய்தவர் இவர். கோபம் மட்டும் தேனீ மேல். அன்று சாயங்காலமே ஓலைப் பந்தம் கட்டி அந்தக் கூட்டையும், வேலியில் தொங்கிய கொம்புத்தேன் கூடுகளையும் ஒன்று விடாமல் கருக்கினார்.

அதற்குப் பிறகு தோட்டத்தில் காயே நிற்கவில்லை. கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகள் மஞ்சளடித்து உதிர்ந்தன.

பூசணிப் பிஞ்சை விரலால் சுட்டினால் அழுகிவிடும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. காட்ட வேண்டுமென்றால் விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். நான் ஒரு தடவை மறந்துபோய்ச் சுட்டிவிட்டேன். அது போதுமே அண்ணனுக்கு.

"ஏலே, ஒன் பொண்டாட்டிய தோட்டத்துப் பக்கம் விடாத. எல்லாம் அவ வெரலு செஞ்ச வேல. அடுத்த வெள்ளாமையும் இப்பிடின்னா அவ ஆத்தா வீட்டுக்கே அனுப்பிரு."

ஒரு பிஞ்சைச் சுட்டினால் தோட்டம் முழுக்க உதிருமா என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாயில்லை.

வீட்டோடு கிடந்ததால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மாட்டுக்கொட்டில் கூரையில் ஏறியிருந்த பூசணிக்கொடியில் மட்டும் நன்றாகக் காய் பிடித்திருந்தது. கொட்டிலின் மண்சுவர் ஓட்டையில் கொசுத்தேன் குடியிருந்தது. கடுகளவு ஈ, கொட்டாது. காலையில் ஆண்பூவில் புரண்டுவிட்டு, மேலெல்லாம் மஞ்சள் பொடியோடு பெண்பூவுக்குள் நுழையும். அது நுழைந்த பூவில் பிஞ்சு நின்றது. நாலைந்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

மூத்தவரோடு நான் நேரே பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் சாப்பிட உட்கார்ந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்:

"உங்க அண்ணன் தேனீய எரிச்சாகள்ல, அதான் தோட்டத்துல காய் நிக்கல. நம்பலைன்னா கொட்டிலுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் வந்தார். பூவுக்குள் ஈ போவதையும் கூரையில் கிடந்த காய்களையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. அவருக்குப் புரிந்துவிட்டது, சத்தியமாகப் புரிந்துவிட்டது. குனிந்து ஒரு கை களிமண்ணை எடுத்துப் பிசைந்தார். சுவர் ஓட்டையில் அப்பிக் கட்டைவிரலால் வழித்து மூடினார்.

"ஈயாம், காயாம்," என்றார் தம்பியிடம். "இனிமே பூக்குறது நிக்கிதான்னு பாரு. நிக்கலைன்னா இங்கனயும் அவ வெரலுதான்."

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். அவருக்கும் புரிந்திருந்தது. "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, அண்ணன் கை கழுவத் தண்ணீர் மொண்டு ஊற்றினார்.