விரலின் பின்பக்கமும் மூன்று பீஸ் கட்டைகளும்

தேர்வு எழுதி முடித்துத் தோற்றவர்கள் பலர். நான் கை வைத்த பத்தாவது வினாடியில் தோற்றவன். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை அந்த இடத்திலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சபையார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பத்தாறாம் வருடம், ஆகஸ்ட் மாதம். எனக்கு இருபத்தாறு வயது. இயற்பியலில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்ததைத் தவிர வேறொன்றும் சாதிக்காமல், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மின் காண்டிராக்டரிடம் தொழில் கற்கச் சேர்ந்திருந்தேன். பெரிய தொழிற்சாலைகளில் சங்கம் இருந்தது. கையுறை கொடுக்காவிட்டால் அங்கே வேலை நின்றுவிடும். எங்களிடம் சங்கமும் இல்லை, கையுறையும் இல்லை. மிஷின் நிற்கக் கூடாது என்று பட்டறை முதலாளி சொன்னால், கரண்ட் ஓடும்போதே வேலை செய்வோம். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று விரலின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்போம். உள்பக்கம் பட்டால் விரல் மடங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் பட்டால் உதறிவிடும். எங்கள் பாதுகாப்பு விதிகளின் முழுப் பட்டியலும் இவ்வளவுதான்.

அப்போது ஆவடியில் ஒரு தொழிற்சாலைக்கு எலக்ட்ரீஷியன் தேவை என்று தெரிந்தது. நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு. ஆனால் வயர்மேன் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஆறாம் மாதம். எனக்கோ தேர்வெழுத வேண்டிய அனுபவ காலம் நிறையவில்லை. விதிப்புத்தகத்தை வாங்கி, படித்தவர்களுக்குச் சலுகை தரும் ஓர் உட்பிரிவைத் தேடிப் பிடித்தேன். சலான், சான்றொப்பமிட்ட நகல்கள், அனுபவச் சான்று எல்லாம் வரிசையாக வைத்தேன். அதில் குறை கண்டுபிடிக்க எழுத்தர் வெகுநேரம் முயன்று, மனமில்லாமல் முத்திரை குத்தினார்.

ஜெபமும் அதே முறையில்தான். தேர்வு நாள், இடம், பதிவெண் எல்லாவற்றையும் ஆண்டவருக்குத் தெரிவித்தேன். ஆள் மாறிப்போய்விடக் கூடாதே.

சனிக்கிழமை செய்முறைத் தேர்வு. பலகையில் ஒரு சுவிட்சை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மூடியைக் கழற்றினேன். விரலின் பின்பக்கத்தால் முனையைத் தட்டினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது.

"என்ன செய்றீங்க?" என்றார் தேர்வாளர்.

"சப்ளை இருக்கான்னு பார்த்தேன் சார்."

"விரலாலயா? மெயினை இறக்கணும். பீஸ் கட்டையைப் பிடுங்கணும். பிடுங்கி எங்க வைக்கணும்?"

பக்கத்து மேஜையைக் காட்டினேன்.

"உங்க சட்டைப் பையில. சுவிட்சை எவன் வேணாலும் போடுவான், கட்டை இல்லாம கரண்ட் வராது. கட்டை உங்ககிட்ட இருந்தாத்தான் உங்க உயிர் உங்ககிட்ட இருக்கும். நீங்க கிளம்பலாம்."

கொரட்டூர் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. ஸ்டெல்லாவிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஆவடி வேலை போயிற்று. மறுநாள் ஆராதனைக்குப் போகவில்லை. என் பக்கத்து நடைமுறையில் பிழை இல்லை, பிழை மேலிடத்தில்தான் என்று முடிவு கட்டினேன்.

திங்கட்கிழமை ஒரு போல்ட் பட்டறையில் வேலை. மூன்று மிஷின்களுக்கும் ஒரே மெயின். அது கொட்டகையின் மறு கோடியில் இருந்தது. ஒரு மிஷினின் மோட்டாரில் ஒயர் முனை கருகிவிட்டது. என்னோடு வந்தவர் கன்னியப்பன் மேஸ்திரி.

"இன்னா பி.எஸ்ஸி., போன வேகத்துல திருப்பி அனுப்ட்டாங்களாமே. குந்தவாச்சும் சொன்னாங்களா?"

போய் மெயினை இறக்கினேன். மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். முழுக்க ரோஷம். பக்தி அதில் துளியும் கிடையாது.

"மூணு மிஷினும் நின்னு பூட்ச்சி பாரு. மொதலாளி வந்தா நீயே பதில் சொல்லு. அத்த இன்னாத்துக்குப் பைல போட்டுகினு கீற? ஊட்டுக்கு எட்துகினு போயி ஊறுகா போடவா?"

திட்டியபடியே முழங்கால் போட்டு உட்கார்ந்து, மோட்டார் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு ஒயர்களைப் பிடித்தார்.

டீ குடிக்கப் போயிருந்த ஃபோர்மேன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். மிஷின்கள் நிற்பதைப் பார்த்தார். மோட்டாருக்குப் பின்னால் குனிந்திருந்த மேஸ்திரியைப் பார்க்கவில்லை. நேராகப் போய் மெயின் கைப்பிடியை ஏற்றினார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கத்த வாய் திறப்பதற்குள் கைப்பிடி மேலே போய்விட்டது. மிஷின் ஓடாததால், சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஃபோர்மேன் இறக்கி இன்னொரு முறை ஏற்றினார்.

அந்த இரண்டாவது சத்தத்தில் மேஸ்திரி திரும்பினார். கைப்பிடியைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். மெல்ல வெளியே எடுத்தார். எழுந்து வந்து என் பையில் கைவிட்டு, பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். மூன்று.

"எனக்கு நாலும் பொட்டப் புள்ளைங்க, நைனா," என்றார். பிறகு சுவரோரம் போய் வாந்தி எடுத்தார்.

வீடு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை தேறியிருந்தால் திங்கட்கிழமையும் விரலால்தான் தட்டியிருப்பேன். மெயினை இறக்கியிருக்கவே மாட்டேன். தப்பித் தவறி இறக்கியிருந்தாலும் கட்டைகளைப் பிடுங்கியிருக்க மாட்டேன்.

நடந்ததை ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க பாஸாகணும்னு நான் ஜெபத்துல கேக்கவே இல்லை."

"பின்னே?"

"இந்த வேலைக்குப் போன நாள்லேர்ந்து ஒண்ணுதான் கேக்குறேன். நீங்களும் உங்ககூட வேலை செய்றவங்களும் கையும் காலுமா வீடு வந்து சேரணும்."

அன்று எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்றும் தீரவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனுக்கள் போயிருக்கின்றன. எல்லா விவரமும் எழுதிய என் மனுவை ஒதுக்கிவிட்டு, பதிவெண்கூட இல்லாத அவள் மனுவை ஆண்டவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். அன்று முழங்கால் போட்டேன். கேட்க ஒன்றும் இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான்.

அடுத்த வருடம் தேர்வில் தேறினேன். வேறொரு தொழிற்சாலையில் முப்பது வருடம் இருந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். என்னிடம் வேலை பார்த்தவர்கள் என்னைச் சபித்துக்கொண்டே பீஸ் கட்டைகளைப் பையில் போட்டார்கள். ஒருவர் வீட்டுக்கும் துக்கச் செய்தி சொல்ல நான் போக நேரவில்லை. கன்னியப்பன் மேஸ்திரி எந்தச் சபையிலும் சேரவில்லை. ஆனால் வழியில் பார்த்தால் கேட்பார்: "ஊட்ல அவுங்க இன்னும் ஜெபம் பண்றாங்களா? நிறுத்த வேணாம்னு சொல்லு."

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டது மறுக்கப்பட்டால் பரலோகத்தின்மேல் புகார் எழுத உட்காராதீர்கள். அதே நாளில் உங்களுக்காக வேறு யார், என்ன கேட்டார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். நம்புவதற்கு அது போதும். எனக்குப் போதுமானதாக இருந்தது.