கரை மின்சாரத்துக்கு ஓர் ஆள்

நான் வேலை செய்யும் சரக்குக் கப்பல் ஒஸ்லோவிலிருந்து வடக்குத் துறைமுகங்களுக்குப் போய்வரும். கப்பல் விடும் கரிப்புகைக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்ததும், எங்கள் நிறுவனம் முதலில் வேகத்தைக் குறைத்தது. மெதுவாக ஓடினால் எண்ணெயும் குறைவு, புகையும் குறைவு. நான் ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் உள்ள வீட்டுக்கு வந்து சேரும் நாள்தான் தள்ளிப்போனது. ஒருமுறை வந்தபோது மகள் என் கதிரையிலிருந்து தன் பையை எடுத்து, "சொறி அப்பா, நீங்கள் இல்லாமப் பழகிட்டுது" என்றாள்.

அடுத்ததாகக் கரை மின்சாரம் வந்தது. கப்பல் துறையில் நிற்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கரையிலிருந்து தடித்த கேபிளால் மின்சாரம் கொடுக்க வேண்டும். அதைப் பூட்டிக் கழற்றக் கரையில் ஓர் ஆள் தேவை. ஒவ்வொரு மாலையும் வீட்டுக்குப் போகலாம்.

முகாமையாளர் எங்களைக் கப்பலின் சாப்பாட்டு அறையில் கூட்டி இதைச் சொல்லிவிட்டு, முதலில் என்னைத்தான் கேட்டார்: "நீ எடுக்கிறாயா?"

"பரவாயில்லை, வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றேன். கேட்டவுடன் ஒப்புக்கொண்டால் ஆலாய்ப் பறக்கிறவன் போலிருக்கும் என்றே சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். இன்னொரு தரம் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் தலையாட்டிவிட்டு, அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்கள் கப்பலில் சேர்ந்தவன் பக்கம் திரும்பினார். அவன் கேள்வி முடியும் முன்பே சம்மதித்தான்.

வீட்டில் இதைக் கேட்டு மனைவி தலையில் கை வைத்தாள். "கேட்டவுடனை ஓம் எண்டா வாய் புண்ணாகிப் போகுமோ?"

"இன்னொருக்காக் கேப்பார் எண்டு நினைச்சனான்."

"அதென்ன உங்கட மாமி வீடே, தேத்தண்ணி குடியுங்கோ எண்டு நாலுதரம் கெஞ்ச?"

அதன்பின் கப்பல் ஒஸ்லோவுக்குள் வரும்போதெல்லாம் மேல்தட்டிலிருந்து அவனைத்தான் பார்ப்பேன். மஞ்சள் மேலங்கி, புதுக் கையுறை. அவன் பூட்டும்போது கேபிள் பொருந்தக் கூடாது என்று விரும்பினேன். பொருந்தியது. இயந்திரம் அடங்கியது. அந்த அமைதியையும் அவனே செய்தது போல எல்லோரும் அவனுக்குக் கை காட்டினார்கள். அவன் என்னைப் பார்த்து, "என்னண்ணே, மூஞ்சி வாடியிருக்கு? நான் கெளம்புறேன், பொண்ணுக்கு இன்னைக்கு நீச்சல் கிளாஸ்" என்று ரயிலுக்கு ஓடினான். நான் சரக்கு இறக்கப் போனேன். என் மகள் நீந்துவாளா என்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நோர்வேஜிய மொழியில் நீளமாகப் பேசக் கூச்சம். ஆனாலும் அடுத்த முறை முகாமையாளரைக் கப்பல் ஏணியின் உச்சியில் மறித்தேன். "அந்த வேலை எனக்கு விருப்பம். அன்றும் விருப்பம்."

அவர் விழித்தார். "பிறகு ஏன் வேண்டாம் என்றாய்?"

"இப்போது வேண்டும்" என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஒஸ்லோவில் இன்னொரு துறைக்கும் கரை மின்சாரம் வருகிறது, அதற்கும் ஆள் வேண்டும், ஆனால் முதலில் பழக வேண்டும் என்றார்.

"யாரிடம்?"

அவர் கரையைக் காட்டினார். அங்கே அவன் கேபிளைச் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"ஓம்" என்றேன். அவசரத்தில் தமிழில்தான் வந்தது. தலையையும் ஆட்டிவிட்டு இறங்கி அவனிடம் போனேன்.

"வாங்கண்ணே" என்று கேபிளின் மறுமுனையை நீட்டினான். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. அவனோ அதை ஒரு கையால் பிடித்திருந்தான்.