டைட்டிலில் கோவிந்தராசுவின் பெயர்

கோவிந்தராசுவுக்கு ஆகாயத்தில் பிழைப்பு. அதற்காக விமானி என்று நினைத்துவிட வேண்டாம். சில கல்யாண வீடுகளில் அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதுண்டு, அது வேறு விஷயம். சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் எங்கே விரிசல், எந்தக் குழாய் இடுக்கில் செடி முளைத்திருக்கிறது என்று ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அதற்கு முன்பு சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்தார். விமானத்தின் அடிவயிற்றை மட்டுமே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ட்ரோன் ஓட்டும் லைசென்ஸுக்குப் படித்தார். தேர்வில் ஒரு தடவை கோட்டை விட்டார். மறுபடியும் விட்டார். ஒருவழியாகத் தேறியதும் அதைப் பெரிதாக அச்செடுத்து, சட்டம் போட்டு, சாமி படங்களுக்கு நடுவே மாட்டிவிட்டார். அவர் மனைவி சுதா சூடம் காட்டும்போது அந்தப் படம் வந்தால் மட்டும் தட்டை லேசாக வளைத்துக்கொண்டு போய்விடுவாள்.

மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. ஏதாவது ஒரு தமிழ்ப் படத்தின் டைட்டிலில் தன் பெயர் வர வேண்டும். விரிசல் படங்களை யார் பார்க்கிறார்கள்? ஒரு இன்ஜினியர் பார்ப்பார், கொட்டாவி விடுவார், அத்தோடு சரி. நடிக்கத் தெரியாது, பாட்டு என்றால் குளியலறையோடு நின்றுவிடும். திரையில் பெயர் ஏறுவதற்கு அவரிடம் இருந்த ஒரே ஏணி அந்த ட்ரோன்தான்.

ஆகவே, சென்னையிலிருந்து படம் பிடிக்க வந்து ஜாலான் புசார் ஹோட்டல் ஒன்றில் இறங்கியிருந்த ஒரு கம்பெனியின் தயாரிப்பு நிர்வாகி ரகுபதி போனில் கூப்பிட்டபோது, கோவிந்தராசு நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுகொண்டுதான் பேசினார்.

"அண்ணே, இங்க லைசென்ஸ் இல்லாம ட்ரோன தூக்கக் கூடாதாமே? நம்மகிட்ட வெங்கட்னு ஒரு பையன் இருக்கான், செமயா ஓட்டுவான். ஆனா அவனோட பேப்பர் எதுவும் இங்க செல்லாது. நீங்க பெர்மிட் எடுத்துட்டு வந்து பக்கத்துல நின்னாப் போதும். கையில ஒரு ரிமோட் குடுத்துர்றோம், சும்மா அமுக்கிக்கிட்டே இருங்க."

"அதுல பேட்டரி இருக்குமா?"

"எதுக்குண்ணே?"

கோவிந்தராசுவுக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையை ஊர்வலத்தில் உட்காரவைத்துவிட்டுத் தாலியை வேறொருவன் கட்டுவதாம்! "முடியாது லா. பெர்மிட் என் பேர்ல, மிஷின் என் கையில. சரின்னா சொல்லுங்க," என்றார். சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "டைட்டில்ல பேரு மட்டும் போட்டுருங்க," என்று சேர்த்தார்.

"போட்டுட்டாப் போச்சு!" என்றார் ரகுபதி. சினிமாக்காரர்கள் கொடுப்பதில் வாக்குறுதியைப் போல மலிவானது எதுவும் கிடையாது. சுதா அன்றைக்கே அதைச் சொன்னாள். கோவிந்தராசு அவளுக்கு எரிச்சல் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

படப்பிடிப்பு அந்த ஹோட்டலின் மொட்டை மாடியில். காதலி விமானம் ஏறிப் போய்விட்ட சோகத்தில் கதாநாயகன் மாடியில் தன்னந்தனியாக நடப்பான். ட்ரோன் அவன் தலைக்கு மேலே எழும்ப எழும்ப, பழைய கடைவீடுகளின் ஓட்டுக்கூரைகளும், அவற்றுக்குப் பின்னால் நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்களும் விரியும். சாயங்கால வெயிலில் எடுத்தாக வேண்டும். வெயில் போனால் சோகமும் போய்விடும் என்பது கேமராமேனின் கட்சி.

முதல் ஷாட் என்பதால் பூஜை போட்டார்கள். தேங்காய் உடைந்தது, சூடம் எரிந்தது. பெரிய கேமராவுக்குச் சந்தனம், குங்குமம், முழம் மல்லிகை. கோவிந்தராசுவின் ட்ரோனுக்கு யாரோ ஒருவர் போகிற போக்கில் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

கோவிந்தராசுவுக்குப் பொறுக்குமா? "ஏன், இது கேமரா இல்லையா?" என்று சந்தனக் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டார். ட்ரோனின் முன்னும் பின்னும் அடியிலும் சின்னச் சின்ன வட்டங்கள் உண்டு. பொட்டு வைக்க அவ்வளவு தோதான இடம் வேறெங்கும் கிடைக்காது. ஒன்று விடாமல் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தார். அந்த வட்டங்கள்தான் ட்ரோனின் கண்கள், அவற்றால்தான் அது சுவரையும் மரத்தையும் பார்த்து ஒதுங்குகிறது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். படித்துப் பாஸ் செய்தவர். சந்தோஷத்தில் அது மூளைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

"ஆக்‌ஷன்!" என்றார்கள். கதாநாயகன் சோகமானான். ட்ரோன் ஆள் உயரத்துக்கு எழும்பி, அங்கேயே நின்று, கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. நாலு பக்கமும் யாரோ சுவர் எழுப்பிவிட்டதாக அதற்கு எண்ணம். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. ஓட்டுபவரின் காதோரம் மட்டும் வியர்வை ஓடியது.

"அபசகுனம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கோவிந்தராசு பாடுபட்டு அதைக் கீழே இறக்கினார். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்த வெங்கட், "சார், கண்ணு பூரா சந்தனம்," என்றான். அவன் நல்ல பையன், மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் மாடி முழுக்கச் சிரித்தது. கதாநாயகன்கூடச் சோகத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுச் சிரித்தான்.

ரகுபதி சரிகிற வெயிலைப் பார்த்தார். கோவிந்தராசுவைத் தனியே தள்ளிக்கொண்டு போய், கையில் ஒரு செத்த ரிமோட்டைத் திணித்தார். "அண்ணே, வெளிச்சம் போவுது. வெங்கட் அவனோட மிஷினத் தூக்கட்டும். நீங்க இதப் புடிச்சிட்டு நில்லுங்க. டைட்டில்ல உங்க பேருதான் வரும், எங்கம்மா சத்தியமா."

கோவிந்தராசு ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. ரிமோட்டை வாங்கினார். வாங்கிப் பிடித்துக்கூடப் பார்த்தார். 'வான்வழி ஒளிப்பதிவு: கோவிந்தராசு' என்று எழுத்துகள் மினுமினுத்துக்கொண்டு வருவது கண்ணில் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் சுதாவும் தெரிந்தாள். அவள் திரும்பி, "நெசமாவே நீங்க எடுத்ததா?" என்று கேட்பாள். கேட்காமல் இருக்கவே மாட்டாள். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது அவருக்கு உண்மையிலேயே வெட்கமாகிவிட்டது.

ரிமோட்டைத் தரையில் வைத்தார். "அந்த மிஷின் எழும்புனா நான் கெளம்பிருவேன் சார். பெர்மிட்டும் என்கூடக் கெளம்பும்."

"அப்ப பேரு?"

"அது உங்க இஷ்டம்," என்றார்.

மண்டியிட்டு உட்கார்ந்து கண் கண்ணாகத் துடைத்தார். காய்ந்த சந்தனம் லேசில் போகிற சரக்கா? மேக்கப் பெட்டியிலிருந்து காது குடையும் பஞ்சுக் குச்சிகளை வெங்கட் கொண்டுவந்து கொடுத்தான். ரகுபதி சூரியனைப் பார்ப்பதும், இவரைப் பார்ப்பதும், தன் தலையில் அடித்துக்கொள்வதுமாக இருந்தார்.

கடைசியில் ட்ரோன் எழும்பியது. வெயில் மஞ்சளாகி மாடியில் நிழல்கள் நீண்டு கிடந்தன. இப்போது கேமராமேன் கத்தினார்: "அந்த ஆளு ஃபிரேம்ல நிக்கிறாரு! எல்லாரையும் போலத் தார்ப்பாய்க்குள்ள பூந்துக்கச் சொல்லு!"

"மிஷினக் கண்ணால பாத்துக்கிட்டேதான் ஓட்டணும். ரூல் லா," என்றார் கோவிந்தராசு, வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"தொலையட்டும், கிராஃபிக்ஸ்ல அழிச்சிக்கலாம்."

ஓட்டுக்கூரைகள் ஒவ்வொன்றாக விரிந்து, கோபுரங்கள் நெருப்புப் பிடித்ததுபோல மின்னின. மானிட்டரைப் பார்த்த வெங்கட் விசில் அடித்தான். கேமராமேன், "ஓகே," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

படம் சிங்கப்பூரில் வெளியான ஞாயிற்றுக்கிழமை, தியேட்டரில் ஒரு வரிசை முழுக்கச் சொந்தக்காரர்கள். ரகுபதி என்ன இருந்தாலும் அம்மா மேல் சத்தியம் செய்தவர், பெயரைப் போடாமலா விடுவார் என்று கோவிந்தராசுதான் எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். டைட்டில் ஓடியது. சாப்பாடு போட்டவர் பெயர் வந்தது, வேன் ஓட்டியவர் பெயர் வந்தது. 'ட்ரோன்: வெங்கட்' என்று வந்தது. அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பாப்கார்னுக்குள் குனிந்துகொண்டார்கள். கோவிந்தராசு திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுதா தன் பாப்கார்னை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவளுடைய இந்தக் கருணைதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. கூரைகள் விரிந்தன, கோபுரங்கள் மின்னின, தியேட்டரில் கைதட்டல். கோவிந்தராசு நின்ற இடத்தில் நீல நிறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. ஆளை அழித்துவிட்டுத் தொட்டியை ஒட்டியிருந்தார்கள்.

"தொட்டியாக்கிட்டானுங்க சுதா," என்றார் மெல்ல.

சுதா முன்னால் சாய்ந்து திரையை உற்றுப் பார்த்தாள். சட்டென்று அவர் தொடையில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "என்னங்க, நெழலப் பாருங்க!"

ஆளை அழித்த புண்ணியவான் நிழலை மறந்திருந்தான். தொட்டியின் காலடியிலிருந்து மாடி நெடுக ஒரு மனித நிழல் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்த ரிமோட், அண்ணாந்த கழுத்து, அதற்குக் கீழே எந்தக் கிராஃபிக்ஸாலும் மறைக்க முடியாத தொப்பை. சுதா வாய்விட்டுச் சிரித்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. முன்வரிசைக்காரர் எரிச்சலோடு திரும்பி, "கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?" என்றார்.

சுதா எழுந்தே நின்றுவிட்டாள்.

"அந்த நெழல் என் வீட்டுக்காரர் சார். இந்த சீன எடுத்தது இவருதான், தோ பாயோ கோவிந்தராசு. டைட்டில்ல போடல, அதான் நான் சொல்றேன்."

முன்வரிசைக்காரர் திரையை ஒரு தடவை பார்த்தார், கோவிந்தராசுவின் தொப்பையை ஒரு தடவை பார்த்தார். பிறகு இருக்கைக்கு மேலாகக் கையை நீட்டினார். கோவிந்தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.