பத்து ஜோடி செருப்பும் ஒரு பச்சைக் கழுகும்

கோபாலபுரத்தில் ஒரு ராட்சசக் கழுகை வெறும் கையால் கொன்றவள் நான் ஒருத்திதான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கழுகு இருந்தது ஒரு ஹெல்மெட்டுக்குள். நான் செய்தது சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தது மட்டும். ஆனால் அதோடு அது செத்தது, திரும்பி வரவில்லை. அந்த மட்டில் நான் சொல்வது சத்தியம். எழுத எழுத ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்தபடி எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என் ஓர்ப்படி ஜலஜா. இதுவரை வாயைத் திறக்கவில்லை.

கழுகு ஜலஜாவின் கணவன் சுப்பராமனுடையது. என் கணவருக்குக் கடைசித் தம்பி. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு எட்டு வயது. பென்சில் டப்பாவில் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் நாள் அதை மறந்துவிட்டான். வீடு முழுக்க நாற்றம். அன்றிலிருந்து நான் பார்த்துவருகிறேன். காலேஜில் படிக்கும்போது ரேடியோ செய்தான். கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவான பிறகு கட்டிலுக்கடியில் காளான் வளர்த்தான். அப்புறம் மொட்டை மாடியில் குடை போல ஒரு டிஷ் ஆன்டெனா, அதற்குப் பிறகு நாலு தொட்டி நிறைய வண்ணமீன். அவனுடைய எந்தப் பித்துக்கும் ஆயுசு மிஞ்சினால் ஒரு மண்டலம்தான். நாற்பத்தெட்டாம் நாள் வேறொன்றின் மேல் கண் போய்விடும். மிச்சத்தைக் கூட்டி அள்ளுவது வீட்டுப் பெண்கள் பாடு.

1997 பங்குனியில், இருந்த வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பூரிலிருந்து அந்த விளையாட்டு மிஷினைத் தருவித்தான். அங்கே யாரோ ஆடி முடித்த பழசு. ஒரு வட்ட மேடை, இடுப்பளவுக்கு ஒரு வளையக் கம்பி, உச்சியிலிருந்து தொங்கும் ஒயரில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கறுப்பு ஹெல்மெட். அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணெதிரே ஒரு கோட்டை, படிக்கட்டு, மேலே பச்சை நிறத்தில் ஒரு கழுகு. நாலு நிமிஷத்துக்குள் கழுகைச் சுட வேண்டும். இல்லாவிட்டால் அது நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அதை வைத்து டிக்கெட் போட்டு ஆட்டம் காட்ட அவனுக்கு வேண்டியிருந்தது என் முன்னறை. நாற்பது வருஷமாக நான் கொலு வைக்கிற அறை அது. பதினோரு படி கட்ட இந்த வீட்டில் வேறு இடம் கிடையாது.

"மன்னி, இது வேற லோகம்" என்றான். "தலைல மாட்டிண்டேள்னா நீங்க கோபாலபுரத்துலயே இல்லை."

"எனக்குக் கோபாலபுரமே போறும்டா. நவராத்திரிக்கு என் ரூம் வேணும்."

"கூட்டம் அலைமோதப் போறது, பாருங்கோ. கூட்டம் இருக்கிற வரைக்கும் ரூம் என்னோடது. இல்லேன்னா உங்களோடது. சரியா?"

"கூட்டம்னா எத்தனை பேர்?"

"நீங்களே சொல்லுங்கோ."

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுத்தவள் நான். மிஷின் மேடையில் மண் படக்கூடாது என்று வருகிறவர்களெல்லாம் செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்று அவன் போர்டு எழுதிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. "பத்து ஜோடி" என்றேன். "தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல்ல பத்து ஜோடி செருப்பு இருக்கணும். ஒரு நாள் ஒம்போது ஆனாலும் மிஷினைத் தூக்கிண்டு கிளம்பணும்."

"மழை பேஞ்சா?"

"ஏன், மழைல உன் கழுகு பறக்காதோ?"

அவன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். அந்த மிஷின் இருக்கிற வரை அறைக்குள் கால் வைப்பதில்லை என்று நானும் சபதம் செய்தேன். ஆறடித்ததும் மாடி பால்கனியில் நின்று குனிந்து எண்ணுவேன்.

முதல் மாதம் என் வயிறு எரிந்ததைச் சொல்லி மாளாது. கோடை விடுமுறை. இருநூறு ஜோடி கிடந்தது. சரி, நாற்பது. தி.நகரில் புடவை வாங்க வந்தவர்கள்கூடப் பையும் கையுமாக வந்து வரிசையில் நின்றார்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலை சுற்றி என் செம்பருத்திச் செடியடியில் தயிர்சாதத்தைக் கக்கிவிட்டு, மறுபடி வரிசையில் போய் நின்ற ஒரு ஆடிட்டரை என் கண்ணால் பார்த்தேன். அந்தச் செடி இன்றுவரை பூக்கவில்லை.

எனக்கு முதல் நம்பிக்கை தந்தவள் அடுத்த தெரு மாளவிகா. ஒன்பதாம் வகுப்பு. முதல் நாள் தெருவே அதிரக் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "மாமி! கழுகு என்னைத் தூக்கிண்டு போயிடுத்து!" இரண்டாம் முறை வந்தபோது கழுகைச் சுட்டுவிட்டதாகப் பெருமையடித்தாள். மூன்றாம் முறை கொட்டாவி விட்டபடி வந்தாள்.

"என்னடி, கழுகு சௌக்கியமா?"

"மூணாவது படில நின்னு இடது பக்கம் சுட்டாப் போறும் மாமி. எப்பவும் அங்கேர்ந்துதான் வரும். வேற பக்கம் அதுக்கு வரவே தெரியலை."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூன்று தடவையில் புரிந்தது, ஐம்பது வயதுக்காரனுக்குப் புரியவில்லை. முதல் தடவை பயம், இரண்டாம் தடவை வீறாப்பு, மூன்றாம் தடவை மாம்பலம் ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பது போல ஒரு பழக்கம். பழகிப்போன இடத்துக்கு அதிசயம் என்று பெயர் வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? எங்கள் வாசலில் கிளி வந்து உட்கார்ந்தால்கூட ஒரு நாள் வலப்பக்கம் உட்காரும், ஒரு நாள் இடப்பக்கம் உட்காரும்.

"அடுத்த கேம் சிங்கப்பூர்லேர்ந்து வந்துண்டே இருக்கு மன்னி" என்பான் சுப்பராமன். அது வந்துகொண்டே இருந்தது. வரவில்லை.

ஹெல்மெட்டும் ஊறிப்போய்விட்டது. இந்தச் சுற்றுவட்டாரத்துத் தலைகளில் இருந்த தேங்காயெண்ணெய் முழுவதும் அதன் பஞ்சில் இறங்கியிருந்தது. வீட்டு வேலைக்கு வரும் பாஞ்சாலிதான் தினம் அதைத் துடைப்பாள். "ஹெல்மெட்டா இது? வட சுட்ட சட்டி கணக்கா கீதும்மா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வருவாள். உள்ளே ஒட்டியிருந்த மல்லிகைப்பூவையும் விபூதியையும் அவள் சுரண்டி எடுத்ததைப் பார்த்தால் ஒரு கோயிலே நடத்தலாம் என்று தோன்றும்.

ஆடி பிறந்ததும் இருபது ஜோடி. ஆவணியில் பதினைந்து, பன்னிரண்டு, பதினொன்று. நான் பரணில் இருந்த பொம்மைப் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டேன். அப்போதுதான் வந்தது வினை. பத்தில் போய் நின்றது. ஒன்பது ஆவேனா என்றது. மூன்று வாரம், சொல்லி வைத்தாற்போல் பத்து. திங்கட்கிழமை பத்து, ஞாயிற்றுக்கிழமையும் பத்து. தெய்வமே அவன் பக்கம் சேர்ந்துவிட்டதோ என்று நான் அதனோடும் சண்டை போட்டேன்.

நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கொட்டித் தீர்த்தது. ஆறு மணிக்குப் பால்கனியில் நின்றேன். வாசலில் தண்ணீர். அதில் பத்து ஜோடி செருப்பு மிதந்துகொண்டிருந்தது. எடுத்து உள்ளே வைக்க ஒரு ஆள் வரவில்லை.

கீழே பாஞ்சாலி துடைப்பமும் கையுமாக நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். "இன்னாம்மா இது? செருப்பு கீது, ஆளக் காணோமே?"

இறங்கினேன். என் காலடிக்கே ஒரு செருப்பு மிதந்து வந்தது. கட்டைவிரல் வார் அறுந்து சிவப்பு நூலால் தைத்த செருப்பு. என்னுடையது! அதற்கு இரண்டு வருஷம் முன்னால் கழித்துப் போட்டது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அவன் அந்தத் தில்லுமுல்லை ஆரம்பித்த முதல் நாளே, என் கழுகுக் கண்ணால் பிடித்துவிட்டேன். கோயில் வாசலில் அனாதையாகக் கிடந்த செருப்புகளையெல்லாம் கோணியில் அள்ளி வந்திருக்கிறான், என்னுடையதையும் சேர்த்து.

சபதத்தை முறித்து உள்ளே போனேன். திரையெல்லாம் இழுத்துவிட்ட இருட்டு. எண்ணெய்ச் சிக்கு நாற்றம். மேடையில் சுப்பராமன் தனியாக நின்றிருந்தான், தலையில் ஹெல்மெட்டோடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தரத்தில் எதையோ குறிபார்த்து, வாய் நிறையச் சிரிப்போடு.

காலடிச் சத்தம் கேட்டதும், "வாங்கோ, வாங்கோ! ஒரே நிமிஷம், அடுத்த டர்ன் உங்களுக்குத்தான்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்சை அணைத்தேன்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மலங்க மலங்க விழித்தான். நெற்றியில் வட்டமாகத் தழும்பு. "மன்னியா? அணைச்சுட்டேளே. கழுகு வர்ற நேரம்."

"ஆமாம், இடது பக்கத்துலேர்ந்து வரும். மாளவிகா சொன்னா. வெளில வந்து உன் ரசிகர் கூட்டத்தைப் பாரு."

வாசலுக்கு இழுத்து வந்தேன். செருப்புகளைப் பார்த்தான். உள்ளே படியில் நின்றிருந்த ஜலஜாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள், வெட்கத்தால். இப்படி ஒரு புருஷன் வாய்த்தால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது?

"இது எனக்குத் தெரியாது மன்னி" என்றான் மெதுவாக. நாடகத்தில் நடித்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பான்.

"தெரியாதா? செருப்பு தானா நடந்து வந்துதோ?"

மறுபடி ஜலஜாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "சரி மன்னி. நாளைக்கே எடுத்துடறேன். ரூம் உங்களோடது."

எடுத்தும் விட்டான். பாலவாக்கத்தில் கடலோரமாக ஓட்டல் நடத்துகிற ஒருவர் மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது என்று கேள்வி. அந்த வருஷம் என் கொலு பதினோரு படி. பார்க்க வந்தவர்களின் செருப்பு தெருமுனை வரைக்கும் கிடந்தது. சுப்பராமன் பாண்டி பஜாரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறான். இரண்டு வருஷமாகப் புதுப் பித்து ஒன்றும் கிடையாது. கடை விட்டு வந்தால் ஹிந்து பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வழியாகத் திருந்திவிட்டான், என் புண்ணியத்தில்.

கடைசித் தாளைப் படித்து முடித்த ஜலஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, அவர் நடிக்கலை. செருப்பை வெச்சது நான்."

"நீயா?"

"கோயில் வாசல்லேர்ந்து இல்லை, நம்மாத்துப் பரண்லேர்ந்து. இவருக்கு ஒண்ணாவது அலுக்காதான்னு இருபத்தஞ்சு வருஷமாப் பார்த்துண்டிருந்தேன். இது ஒண்ணுதான் அலுக்கலை. ஊருக்கெல்லாம் அலுத்துப் போச்சு, இவருக்கு மட்டும் அந்தக் கழுகு தெனம் புதுசு. கூட்டம் இல்லேன்னு அவருக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் கேட்காம இருக்கேளேன்னு, 'பார்த்தியா, மன்னி மனசு இறங்கி விட்டுக்கொடுத்துட்டா'ன்னு எங்கிட்ட பெருமையாச் சொல்லிண்டிருந்தார்."

பேனாவை நான் கீழே வைத்தேன். அவள் தாள்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

"அப்புறம், முதல் நாளே கண்டுபிடிச்சேன்னு எழுதியிருக்கேளே, அதை அடிச்சுடுங்கோ. சிவப்பு நூல் போட்ட அந்தச் செருப்பை மூணு வாரமா மாடிலேர்ந்து நீங்கதான் எண்ணிண்டிருந்தேள்."